பேய்ப்படம் பார்த்துச் செத்தவர் சம்சாரம்

அந்தப் படத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இதைப் படிப்பவர்களில் இரண்டு பேராவது இன்று சாயங்காலமே போய் அதன் விசிடி கிடைக்குமா என்று கேட்பார்கள். அந்தக் கருமத்துக்கு என்னால் ஆள் சேர வேண்டாம். பாழடைந்த பங்களா, பின்னால் ஒரு ஏரி, ஏரிக்குள்ளிருந்து எழுந்து வரும் ஒரு பெண், அவள் பாடும் ஒரு பாட்டு. இந்த அடையாளம் போதும். எண்பத்தொன்றில் வந்த படம்.

இருபத்தாறு வருஷமாக அது சாகமாட்டேன் என்கிறது. அதில் நடித்தவர்களை ஊர் மறந்துவிட்டது. எடுத்தவர் யார் என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். படம் மட்டும் வெள்ளிக்கிழமையானால் ஏதாவது ஒரு சேனலில் வந்துவிடுகிறது. என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வரும் இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகள் ஆர்குட்டில் அதற்கென்று ஒரு குழுவே வைத்திருக்கிறார்கள். தாம்பரத்தில் அதை முதலில் திரையிட்ட தியேட்டரில் எப்போதெல்லாம் கூட்டம் குறைகிறதோ, அப்போதெல்லாம் படப்பெட்டியை வரவழைத்து ஓட்டுவார்கள். கூடுவாஞ்சேரியிலிருந்தும் பல்லாவரத்திலிருந்தும் ரயிலேறி வந்து பார்ப்பார்கள்.

படம் நன்றாக இருக்கிறது என்றா வருகிறார்கள்? அதைப் பார்த்து ஒரு மனிதர் செத்துப்போனார் என்று வருகிறார்கள். அவர் செத்த இடத்தில் உட்கார்ந்து, பாப்கார்ன் தின்றுகொண்டு, நமக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று திருப்தியாக வீட்டுக்குப் போவதில் ஒரு சுகம். அந்தச் சுகத்தை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. குமட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்பதையும் சொல்லத்தான் போகிறேன்.

செத்தவர் பெயர் கோதண்டம். நான் எழுத வந்தது அவருடைய மனைவி முத்தாலம்மாளைப் பற்றி.

பெருங்களத்தூரில் பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டி பீர்க்கன்கரணைக்குத் திரும்புகிற முனையில் முத்தாலம்மாள் அக்காவின் மீன்கடை. கடை என்றால் ஒரு பலகை, இரண்டு அலுமினியக் கூடை, ஒரு அரிவாள்மணை, மேலே கிழிந்த பேனர் துணி. விடியுமுன் மின்சார ரயிலில் வெண்டர் பெட்டியில் ஏறி சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய் மீன் எடுத்துவந்து, ஏழு மணிக்கு உட்கார்ந்துவிடுவார். எதிரில்தான் என் ஜெராக்ஸ் கடை. பதினைந்து வருஷமாக அவரைத் தினமும் பார்க்கிறேன்.

வாய் கொஞ்சம் நீளம். பேரம் பேசினால் பேசுகிறவரின் பரம்பரையை இழுப்பார். ஆனால் செவுள் வெளுத்த மீனை ஒருநாளும் யார் தலையிலும் கட்டியதில்லை. பொழுது சாய்ந்தும் விற்காததைத் தெருநாய்க்குப் போட்டுவிட்டு எழுந்து போவார். தீபாவளிக்கு ஊருக்குப் போகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும்போதும், ஒரு கையால் ஈயை ஓட்டிக்கொண்டு மறுகையால் வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருப்பார். இப்படி ஒரு மனுஷிக்கு ஊர் வைத்த பெயர் என்ன தெரியுமா? பேய்ப்படம் பார்த்துச் செத்தவர் சம்சாரம்.

புது அபார்ட்மென்ட்டுகள் வந்த பிறகு இந்தத் தொல்லை அதிகமாகிவிட்டது. மேடவாக்கம் வழியாகக் கம்பெனிக்குப் போகிற ஒரு ஆள், கழுத்தில் அடையாள அட்டையோடு, ஞாயிற்றுக்கிழமையில்கூட அதைக் கழற்றாமல், வந்து நிற்பான்.

"ஆன்ட்டி, உங்க ஹஸ்பண்ட்தானே அந்தப் படம் பார்த்து…"

"ஆமா சார். பயந்து செத்துட்டாரு. தல போடவா, வேணாவா?"

"பாக்கும்போதேவா? மூஞ்சி எப்படி இருந்துச்சாம்?"

"செத்தவன் மூஞ்சி மாரி இருந்துச்சி. தல வேணுமா இன்னா?"

கேட்டவனுக்கு வாயில் எச்சில் ஊறுவது எனக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தே தெரியும். ஒரு பொம்பிளையிடம் நின்றுகொண்டு, உன் புருஷன் செத்த மூஞ்சியைச் சொல்லு என்று கேட்கிற அளவுக்கு ஒரு சினிமா ஒருவனைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. படித்தவன், பல் துலக்கியவன், குழந்தையைத் தோளில் வைத்திருப்பவன்.

அன்று என்ன நடந்தது என்று இப்போது சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமும் அக்காவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பம் அவர்களுக்கு. கோதண்டம் ராத்திரி கட்டுமரத்தில் போய் விடிகாலையில் கரைக்கு வருவார். மீனைத் தாம்பரம் பக்கம் கொண்டுவந்து விற்பது அக்கா. கேளம்பாக்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் மீன்கூடையை ஏற்ற மாட்டார்கள், நாறுகிறதாம். கண்டக்டர் மனசு வைத்தால் கூரைமேல், இல்லாவிட்டால் வண்டலூர் வரை நடை. தலையில் கூடை, இடுப்பில் ஒரு வயது மகள் சரிதா. வந்து சேர்வதற்குள் பாதி மீன் செத்த நிறத்துக்கு வந்துவிடும்.

அந்தக் காலத்தில் பேய்ப்படம் வந்தால் ஒரு பந்தயம் வைப்பார்கள். ஒருத்தர் மட்டும் தன்னந்தனியாகத் தியேட்டருக்குள் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்துவிட்டால் பரிசு. எங்கள் ஊர் தியேட்டரில் பரிசு ஒரு புது சைக்கிள். மாலை போட்டு வராந்தாவில் நிறுத்தியிருந்தார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் அதன் மணியை அடித்துப் பார்ப்பார்கள். பந்தயம் காலை பத்து மணிக்கு. ஆள் உள்ளே போனதும் எல்லாக் கதவையும் வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். உள்ளிருந்து தட்டினால் தோற்றதாக அர்த்தம்.

அக்கா கூடையோடு அந்தப் பக்கம் வந்தபோது சைக்கிளைப் பார்த்தார். பின்னால் கேரியர் வைத்த சைக்கிள். அதில் கூடையைக் கட்டினால் கண்டக்டர் எவனையும் கெஞ்ச வேண்டாம். குப்பத்துக்குப் போய்ப் புருஷனிடம், "ராவுல தனியா கடல்ல கெடக்கறவனுக்கு சினிமா பேய் இன்னா பண்ணிடும்? போய் சைக்கிள ஓட்டிகினு வா" என்று சொன்னார். இதை அக்காவே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். "நான்தான் அனுப்புனேன் தம்பி" என்று முடிப்பார்.

கோதண்டம் ராத்திரி முழுக்கக் கடலில் இருந்துவிட்டு நேராக வந்திருந்தார். வராந்தாவில் ஒரு கோலி சோடா வாங்கிக் குடித்தார். வாயு பிடித்திருக்கிறது என்று சோடாக்காரரிடம் சொல்லிக்கொண்டே நெஞ்சைத் தடவினார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது, வேலைவெட்டி கிடையாது. என்னையும் சேர்த்து ஒரு எட்டுப் பேர், எவன் தோற்று ஓடி வருகிறான் என்று பார்ப்பதற்கே தினமும் அங்கே போவோம். அதற்கு முன் இரண்டு பேர் அரை மணி நேரத்தில் கதவைத் தட்டிவிட்டு வெளியே வந்திருந்தார்கள். அவர்களைச் சந்தைவரை கூவிக் கூவி விரட்டியிருந்தோம்.

கேட்டுக்காரர் அமீருதீன் பாய் கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டார். இடைவேளைக்கு அப்புறம், அந்தப் பெண் ஏரியிலிருந்து எழுந்து பாடும் பாட்டு உள்ளே ஆரம்பித்தது. கதவுக்கு வெளியிலும் நன்றாகவே கேட்டது. அப்போதுதான் தட்டும் சத்தம் வந்தது.

"சார், கதவத் தொறங்க சார். நெஞ்சு வலிக்குது."

நாங்கள் ஓவென்று கத்தினோம். "நெஞ்சு வலிக்குதாம்டா!" என்று ஒருவன் அதே குரலில் சொல்லிக் காட்டினான். ரோட்டில் போனவர்கள் நின்றார்கள். அமீருதீன் பாய் பூட்டருகே போனார். தியேட்டர் முதலாளி அவரைத் தடுத்தார்.

"தொறந்தா இன்னிக்குக் கத முடிஞ்சிடும். ரோட்டப் பாரு, எத்தினி பேர் நிக்கிறான். கத்தட்டும் வுடு."

"அந்தாளு கொரலு சரியில்ல மொதலாளி. ஒரு தபா தொறந்து பாத்துடறேன்."

முதலாளி அவர் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பாய் வெறுங்கையோடு கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே கோதண்டம் தட்டினார். வெளியே நாங்கள் கை தட்டினோம். அவர் தட்டத் தட்டத் தாளம் பிடித்துத் தட்டினோம். நான் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலும் அடித்தேன். பாட்டின் கடைசிச் சரணம் வந்தபோது அவர் தட்டுவது நின்றிருந்தது. நாங்கள் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தோம்.

படம் முழுக்க ஓடி முடிந்த பிறகுதான் பூட்டைத் திறந்தார்கள். கதவு நகரவில்லை. அவர் கதவோடு ஒட்டி விழுந்து கிடந்தார். தள்ளித்தான் திறக்க வேண்டியிருந்தது. முதலாளி இரண்டு பேரை வைத்து அவரைத் தூக்கி நாலாவது வரிசையில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பிறகு போலீஸுக்குச் சொல்லி அனுப்பினார். படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பயத்தில் உயிர் போய்விட்டது என்பது மறுநாள் செய்தி. படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அமீருதீன் பாய் அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போனார், திரும்பவில்லை. சைக்கிளை முதலாளி தன் மகனுக்குக் கொடுத்துவிட்டார். நாங்கள் எட்டுப் பேரும் வாயை மூடிக்கொண்டோம். யாரும் எங்களை மிரட்டவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை. சொன்னால் கை தட்டியதையும் சொல்ல வேண்டியிருக்குமே என்றுதான்.

நாங்கள் வாயை மூடியதன் பலனை முத்தாலம்மாள் அக்கா அனுபவித்தார். குப்பத்தில் அவர் புருஷனின் அண்ணன் தம்பிகள் உடம்பை வாங்க மறுத்துவிட்டார்கள். பேயடித்துச் செத்த உடம்பு கரைக்கு வந்தால் வலையில் மீன் விழாதாம். கடலுக்குப் போய் இறந்தவர்களின் வீட்டுக்கு, வலையில் மீன்பாடு கிடைக்கும்போதெல்லாம் ஒரு பங்கு கொடுப்பது அவர்கள் வழக்கம். பேயடித்தவன் வீட்டுக்கு அதுவும் இல்லை. பயம் ஒட்டிக்கொள்ளும், ஒரு வருஷம் கரைப்பக்கம் வராதே என்றார்கள். அந்த ஒரு வருஷம் முடியவே இல்லை. கோதண்டத்தைத் தாம்பரத்துச் சுடுகாட்டிலேயே எரித்துவிட்டு, கைக்குழந்தையோடு பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் ஒரு குடிசையில் வந்து ஒண்டினார் அக்கா. கடலோரத்தில் பிறந்த பெண் சிந்தாதிரிப்பேட்டையில் ஏலத்தில் மீன் எடுக்கும் கொடுமை அப்படி வந்ததுதான்.

இதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது ஒன்றே ஒன்று. தன் புருஷன் ஒரு பயந்தாங்கொள்ளி. குப்பத்துப் பெண்கள் மூஞ்சிக்கு நேராகக் கேட்டிருக்கிறார்கள், கடலில் போகிறவன் திரையில் ஆடுகிற பொம்மையைப் பார்த்துச் சாவானா என்று.  அக்கா கோதண்டத்துக்குத் திதி கொடுப்பதில்லை, படையல் போடுவதில்லை. பேசும்போது "அந்தாளு" என்பார். மகளை அடிக்கிற கோபம் வந்தாலும் அவர் வாயில் வருவது, "அப்பன மாரி பயந்து சாவாத" என்பதுதான். சரிதா அதைக் கேட்டே வளர்ந்து, இப்போது தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதித் துணி கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். பள்ளிக்கூடத்தில் அப்பா பெயரைக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும் என்று அக்காவே சொல்லியிருக்கிறார்.

நான் தினமும் எதிரில் உட்கார்ந்திருந்தேன். வாரத்தில் மூன்று நாள் அவரிடம் மீன் வாங்கினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அரைக் கிலோ நெத்திலியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவனை என்னவென்று சொல்வது? ஊரைப் பார்த்துக் குமட்டுகிறது என்றேனே, முதலில் என்னைப் பார்த்துத்தான்.

இந்த வருஷம், இரண்டாயிரத்து ஏழில், தியேட்டர் முதலாளியின் மகன் ஜீவானந்தம் அந்தப் படத்துக்குப் புது பிரிண்ட் போட்டு, புது ஸ்பீக்கர் வைத்துத் திரும்ப வெளியிடத் தயாரானார். ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க போஸ்டர். "தாம்பரத்தில் ஓர் உயிரைக் குடித்த படம்" என்று ரத்தம் வழிகிற எழுத்தில். ஒரு மத்தியானம் காரில் வந்து அக்கா கடை முன்னால் இறங்கினார். கையில் ஒரு பட்டுப்புடவைப் பெட்டி.

"அம்மா, முதல் ஷோவுக்கு நீங்கதான் குத்துவிளக்கு ஏத்தணும். சேனல்காரங்க எல்லாம் வர்றாங்க. உங்களுக்கும் ஒரு மரியாதையா இருக்கும்."

புருஷன் செத்த இடத்தில் விளக்கேற்ற ஒரு விதவையைக் கூப்பிட்டு, அதற்குப் புடவையும் கொண்டுவருகிற நெஞ்சழுத்தம் எங்கிருந்து வரும்? வெளியே வந்து அந்தப் புடவைப் பெட்டியைச் சாக்கடையில் எறியலாம் என்று எழுந்தேன். அதற்குள் அக்கா பேசினார்.

"வெளக்கெல்லாம் வேணாம். பொடவையும் வேணாம். எனக்கு ரெண்டு டிக்கட்டு குடு."

"பாக்கப் போறீங்களாம்மா?"

"இது வரிக்கும் பாத்ததில்ல. அந்தாள அப்பிடி இன்னா கொன்னுச்சின்னு பாக்கணும்."

ஜீவானந்தம் போன பிறகு என் கடை வாசலுக்கு வந்து, "பரணி, எனுக்கு அந்தக் கொட்டாயில வழி தெரியாது. நீ கூட வா" என்றார். எட்டுப் பேரில் ஒருவனைப் பார்த்துத்தான் கேட்கிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வருகிறேன் என்றேன்.

விளக்கேற்றல் முடிந்த அடுத்த நாள் பதினொன்றரைக் காட்சி. அக்கா மீன்வாடை போகச் சோப்புப் போட்டுக் குளித்து, வெளுத்த புடவை கட்டி வந்திருந்தார். தியேட்டருக்குள் மூத்திர நாற்றமும் பாப்கார்ன் எண்ணெய் நாற்றமும் புது ஏசியில் கலந்து அடித்தது. எங்களுக்கு முன்வரிசையில் காலேஜ் பிள்ளைகள். ஒருவன் நாலாவது வரிசையைக் காட்டி, "அந்த சீட்டுதான் மச்சான்" என்றான். அதில் போய் உட்கார்ந்து நாக்கைத் தள்ளிச் செத்தவன் மாதிரி நடித்தான் இன்னொருவன். செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் நான் செய்ததை இவர்கள் செல்போன் வைத்துக்கொண்டு செய்கிறார்கள், அவ்வளவுதான்.

படம் ஓடியது. அக்கா முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இமைக்காமல் பார்த்தார். பயப்படத் தயாராக வந்திருந்தார். கதவு கிரீச்சிட்டது, பூனை தாவியது, சாம்பிராணிப் புகை போட்டார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். அக்கா ஒவ்வொன்றுக்கும் என் காதில், "இதுவா? இதுலயா?" என்று கேட்டார். இல்லை இல்லை என்று தலையாட்டினேன். இடைவேளைக்குப் பிறகு அந்த ஏரி வந்தது. பேய் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து நடந்தது.

"இன்னாபா இது?" என்றார் அக்கா. "தண்ணிலேர்ந்து வர்றா, பொடவ காஞ்சி கீது."

பாட்டு ஆரம்பித்தது. என்னால் உட்கார முடியவில்லை. முதல் சரணத்தில் அவர் தட்டினார், இரண்டாவது சரணத்தில் தட்டினார், மூன்றாவதில் தட்டவில்லை. ஒவ்வொரு வரியிலும் எனக்குக் கணக்குத் தெரியும். காதைப் பொத்திக்கொண்டு குனிந்தேன். அக்கா நான் பயந்துவிட்டதாக நினைத்து முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

விளக்கு போட்டார்கள். கூட்டம் எழுந்து போனது. அக்கா எழவில்லை.

"முட்ஞ்சிச்சா?"

"முடிஞ்சுதுக்கா."

"அவ்ளோதானா? எதுனா வெட்டிட்டானுங்களா? அப்ப வேற எதுனா இருந்துச்சா?"

"இல்லக்கா. அப்பவும் இதேதான்."

வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டுகிறவள் முன்வரிசையிலிருந்து காகிதங்களைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"பரணி, எங்களுக்குக் கண்ணாலம் ஆன வருசம் ஒரு புயலு. ரெண்டு நாளு கடல்ல கெடந்தாரு. கூட வந்தவன் செத்துட்டான். பொணத்தக் கட்டயோட கட்டி, ராவெல்லாம் பக்கத்துல படுத்துகினு, கரைக்குக் கொண்டாந்து அவங்க ஆத்தா கைல குடுத்தாரு. அந்த மனுசனா இத்தப் பாத்து செத்தாரு?"

அந்தாளு என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். தெரியாதுக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பார். வாய்வரைக்கும் வந்தது அந்த வார்த்தை. அதன் நாற்றம் எனக்கே தாங்கவில்லை.

சொன்னேன். சோடா, பூட்டு, நெஞ்சுவலி, சாவிக்கொத்து, கதவோடு கிடந்த உடம்பு, நாற்காலி. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.  முடித்த பிறகு அக்கா கேட்டார்.

"எத்தினி நேரம் தட்னாரு?"

"அந்தப் பாட்டு தொடங்கி ரெண்டு சரணம்வரைக்கும்."

"பேயி பிசாசுன்னு எதுனா கத்துனாரா?"

"இல்லக்கா. நெஞ்சு வலிக்குது, தொறங்கன்னுதான்."

"நீ எங்க இருந்த?"

"கதவுக்கு வெளிய."

"இன்னா பண்ணினு இருந்த?"

"கை தட்டினேன்க்கா. விசில் அடிச்சேன்."

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்தார், வாசலுக்குப் போனார். நான் பின்னால் போனேன்.

வெளியே மேட்னிக்கு வரிசை நின்றது. இருநூறு பேர் இருப்பார்கள். அக்கா படியில் நின்று, மீன் கூவுகிற குரலில் கத்தினார்.

"கேளுங்கடா! என் புருசன் பயந்து சாவல! மாரடப்பு வந்து கதவத் தட்னாரு! இந்தக் கொட்டாக்காரன் தொறக்கல! ஒரு பாட்டு முச்சூடும் தட்டிகினே செத்தாரு! இத்தப் போயி காசு குடுத்துப் பாக்கறீங்களே, தூ!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கை தட்டினார்கள். வரிசை முழுக்கத் தட்டியது. பத்து இருபது செல்போன் மேலே எழும்பியது. "செம பப்ளிசிட்டிடா" என்று ஒருத்தன் சொன்னான். நான் படியேறி, "நெஜம்தான், நான் இங்கதான் இருந்தேன், என் கண்ணால பாத்தேன்" என்றேன். "அண்ணன் யாரு, அசிஸ்டென்டா?" என்று ஒருவன் கேட்க, அதற்கும் சிரித்தார்கள். ஜீவானந்தம் ஆபீஸ் அறையிலிருந்து ஓடி வந்தார். திட்டப் போகிறார் என்று பார்த்தால் முகமெல்லாம் பல்.

"சூப்பர்மா. ரெண்டு வாரம் தினமும் மேட்னி டைம்ல வந்து இதையே சொல்லுங்க. ஆட்டோ அனுப்பறேன்."

இத்தனை வருஷம் பயத்தை விற்றார்கள். இனி பூட்டிய கதவையும் விற்பார்கள், அதையும் வாங்குவார்கள். எனக்கு அந்தப் படியிலேயே வாந்தி வந்துவிட்டது. ஜீவானந்தம் கால் செருப்பை நகர்த்திக்கொண்டார்.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. படியிறங்கி ரோட்டோரம் வந்து, என்னிடம் கையை நீட்டினார்.

"போன குடு. சரிதாவுக்குப் போடு."

போட்டுக் கொடுத்தேன். கம்பெனியில் சாப்பாட்டு நேரம். பின்னால் தட்டுச் சத்தம் கேட்டது. அக்காவுக்குக் காதோடு வைத்துப் பேசத் தெரியாது, ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"இன்னாமா, இந்த நேரத்துல?"

"ஒண்ணுல்ல. உங்கப்பா பயந்து சாவலடி. நெஞ்சுவலி வந்து செத்தாரு. கதவப் பூட்டிட்டானுங்க. கடைசி வரிக்கும் தட்டிகினே இருந்தாரு. நான்தான் உனுக்குத் தப்பா சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் சாப்பாட்டு இடத்தின் சத்தம் தூரமாகப் போனது, எழுந்து வெளியே வந்திருப்பாள். பிறகு சரிதா கேட்டாள்.

"யாரும்மா சொன்னா?"

அக்கா என்னைப் பார்த்தார்.

"கை தட்னவனுங்கள்ல ஒருத்தன்" என்றார். போனை என் கையில் கொடுத்துவிட்டு, தனியாக பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.